ரிசல்ட் வந்தாச்சு... அடுத்து என்ன? நல்லூர் பகுதி மாணவர்கள் எங்கே போய் கேட்பது?

விருத்தாசலம்:

பத்தாவது, பிளஸ்-2 ரிசல்ட் வந்த மறுவாரமே கிராமங்களில் எழும் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். கடலூர் மாவட்டம் நல்லூர் ஒன்றியத்தில் விவசாயக் கூலி வேலை பார்க்கும் பெற்றோர் அதிகம். வீட்டில் முதன்முதலாக கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வழி சொல்ல ஆள் இருக்காது. விண்ணப்ப தேதி முடிந்துபோனால் பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவான். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுவார்கள். இதைத் தடுக்கத்தான் வழிகாட்டி மையங்கள் உள்ளன.

யாரிடம் கேட்கலாம்?

2022-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தை தொடங்கியது. இதையொட்டி அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்விக்கு வழிகாட்டும் பொறுப்பு ஆசிரியர்களிடம் கொடுக்கப்பட்டது. எனவே முதலில் படித்த பள்ளிக்கே போய் கேட்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற இலவச தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

படிப்பை விட்டு வருடக்கணக்கு ஆனவர்களுக்கு கடலூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் உள்ளது. பழைய வேலைவாய்ப்பு அலுவலகம்தான் இது. அரசுத் தேர்வு எழுதுபவர்களுக்கு இங்குள்ள தன்னார்வ பயிலும் வட்டம் மூலம் இலவச பயிற்சியும் உண்டு.

குரூப் எடுக்கும்போது கவனம்

பிளஸ்-1 சேரும்போதே பாதி வழி முடிவாகி விடுகிறது. பெரும்பாலான என்ஜினீயரிங் படிப்புக்கு கணக்கு வேண்டும். டாக்டர் ஆசை இருந்தால் உயிரியல் வேண்டும். கூட்டாளி சேர்ந்தான் என்பதற்காக அதே குரூப்பில் சேர்ந்துவிட்டு, 2 வருடம் கழித்து வருத்தப்படுபவர்கள் நிறைய பேர்.

பத்தாவதுக்குப் பிறகு பிளஸ்-1 மட்டும்தான் வழி என்பதில்லை. ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் போகலாம். 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவர்களும், பிளஸ்-2-வில் உரிய பாடம் படித்தவர்களும் டிப்ளமோவில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேர வழி உண்டு. டிப்ளமோ முடித்தால் என்ஜினீயரிங்கிலும் 2-ம் ஆண்டில் நுழையலாம். ஆக, பத்தாவதில் மார்க் குறைந்தவன்கூட சுற்று வழியில் என்ஜினீயர் ஆகலாம்.

பக்கத்திலேயே செராமிக்

பீங்கான் பொருட்களுக்கு பெயர்போன விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. பத்தாவது முடித்தவர்கள் இங்கு செராமிக் டிப்ளமோ படிக்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழக ஏ.சி.டெக்கில் செராமிக் பி.டெக். படிப்பும் உண்டு. பட்டப்படிப்புக்கு விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக்கல்லூரி இருக்கிறது.

பணம் தடையா?

அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்பு சேரும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1000 தரும் 'புதுமைப்பெண்' திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024-ல் வந்தது. என்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் கொண்டு வரப்பட்டது. முதல் பட்டதாரிக்கு கல்விக்கட்டண சலுகையும் உண்டு. இந்த வருட விதிமுறையை பள்ளியில் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயில் ஆனால்?

பெயில் என்றதும் மூலையில் முடங்க வேண்டாம். துணைத்தேர்வு எழுதி பாஸ் செய்தால், அதே வருடமே சேர வாய்ப்பு கிடைக்கும். வீட்டில் திட்டு விழும்போது பிள்ளைகள் விபரீத முடிவுக்குப் போகாமல் பார்த்துக் கொள்வது பெற்றோர் பொறுப்பு. மனசு சரியில்லை என்றாலும் 14417-க்கு பேசலாம்.

கையில் இருக்க வேண்டியவை

மார்க் ஷீட், டி.சி., சாதிச்சான்று, வருமானச்சான்று, முதல் பட்டதாரி சான்று, ஆதார், வங்கி பாஸ்புக். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் நாள் ஓடிவிடும். முழுப்பரீட்சை லீவிலேயே வாங்கி வைத்துவிட்டால், கடைசி நாளில் சீட்டு கைநழுவிப் போகாது.