துப்பாக்கிப் பாகமும் ஆயுதமே!

பெட்டாலிங் ஜெயா - கடைசல் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் குழல் அடங்கிய மேல்பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால், அது வேறு அளவுத் தோட்டாவைச் சுடும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் வரிசை எண் பொறித்த கீழ்ப்பாகத்தையே துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது. அதனால் மேல்பாகத்தை அங்குப் பல மாநிலங்களில் எளிதாக வாங்கலாம். சிலர் தாங்களே வடிவமைக்கவும் செய்கிறார்கள்.

மலேசியாவில் அப்படியல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் உறுப்புப் பாகமும் ஆயுதம்தான். உரிமமின்றி குழல் ஒன்றைக் கடைந்தாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் குற்றம். ‘வெறும் இரும்புத் துண்டுதானே’ என்று சொல்லித் தப்ப முடியாது.

அத்தகைய வரைபடத்துடன் யாரேனும் வேலை கொடுக்க வந்தால் மறுத்துவிட்டு, காவல் நிலையத்தில் தெரிவிப்பதே பட்டறைக்கும் தொழிலாளிக்கும் பாதுகாப்பு.