கிளீன் என்றொரு சொல்: சுத்தமும் சுத்திகரிப்பும்

2025 ஜனவரி முதலாம் திகதி அரசாங்கம் தொடங்கிய வேலைத்திட்டம் எமது தமிழ்ப் பத்திரிகைகளிலும் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்றே வந்தது. ‘தூய்மையான இலங்கை’ என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் குப்பை அள்ளுவது, ஊழலை ஒழிப்பது, ஒழுக்கத்தைத் திருத்துவது எல்லாம் அந்த ஒரு ‘கிளீனுக்குள்’ அடங்கியிருந்தன. அதே மாதம் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்த அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியபோது அதன் உரிமையாளர்கள் முறைப்பட்டார்கள். அலங்காரம் அழுக்கா என்ற கேள்வி நியாயமானதே.

வெள்ளவத்தை மீன் கடையில் “மீன கிளீன் பண்ணித் தாங்க நானா” என்று கேட்டால் அவர் மீனைக் கழுவி மட்டும் தருவதில்லை. செதில் உரித்து, செவுள் பிடுங்கி, குடலை எடுத்துப் போடுகிறார். லொறியில் போகும் ‘கிளீனர்’ துடைப்பதைவிடச் சாமான் ஏற்றி இறக்குவதுதான் அதிகம். கிரிக்கெட்டில் ‘கிளீன் போல்ட்’ என்றால் துடுப்பிலோ காலிலோ படாமல் பந்து விக்கெட்டைச் சாய்த்துவிட்டது என்று அர்த்தம். கள்ளன் வீட்டைக் ‘கிளீன் பண்ணிட்டான்’ என்றால் ஒன்றும் மிச்சமில்லை. ஆங்கிலேயன் ‘கிளீனாக மறந்துவிட்டேன்’ என்கிறான். நாமும் “சுத்தமா மறந்து போச்சு” என்கிறோம். ‘சுத்தப் பொய்’ என்றும் ஒன்று உண்டு. பொய்யில் என்ன சுத்தம்? முழுசாகப் பொய், அவ்வளவுதான்.

ஆக, அழுக்கைப் போக்குவது ஒரு பொருள், மிச்சமின்றி அகற்றுவது இன்னொரு பொருள். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் கலப்பற்றது, மாசற்றது என்பதைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் ‘சிறிய’ என்று பொருள்படும் ‘க்ளைன்’ இதன் உறவுச்சொல். அங்கே அது மினுக்கம், நேர்த்தி என்பதிலிருந்து சிறுமைக்குப் போய்விட்டது. சொற்களின் பயணம் அப்படித்தான்.

தமிழில் இந்த இரண்டாவது பொருளைச் சுமப்பது ‘சுத்திகரிப்பு’. களனிப் பக்கம் போனால் இச்சொல்லை இரண்டு இடங்களில் காணலாம். அம்பத்தலையில் களனி ஆற்று நீரை எடுத்து, கலங்கலைப் படியவைத்து, வடித்து, குளோரின் இட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குழாயைத் திறந்து நாம் வுழூ எடுக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஆற்றுத் தண்ணீர். அது நீர் சுத்திகரிப்பு. சற்றுத் தள்ளி, சப்புகஸ்கந்தையில் 1969 முதல் இயங்குவது எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம். இரண்டிலும் வேண்டாததைப் பிரித்து வேண்டியதை வைத்துக்கொள்கிறார்கள். எது வேண்டாதது என்பதைத் தீர்மானிப்பவர் சுத்திகரிப்பவர்.

இதே சொல்லைத்தான் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களுக்கு நடந்ததற்கும் வைத்திருக்கிறோம்: இனச்சுத்திகரிப்பு.

அந்த மாத இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினார்கள். சிலர் கொழும்புக்கும் வந்தார்கள்.

அப்போது அதற்கு இந்தப் பெயர் இல்லை. பொஸ்னியாப் போரோடு, 1992 அளவில்தான் இத்தொடர் உலகச் செய்திகளில் பரவியது. சேர்பிய-குரோவேசிய மொழியில் ‘சிஷ்சேன்யே’ என்றால் வெறும் துப்புரவு செய்தல். ஆங்கிலம் அதை மொழிபெயர்த்தது, தமிழ் ஆங்கிலத்தை மொழிபெயர்த்தது. அதற்கு முன்பே நாஸிகள் யூதர்களை அகற்றிய ஊரை ‘யூதர் நீங்கிச் சுத்தமானது’ என்று குறித்தார்கள். இவையெல்லாம் அகற்றியவர்கள் பக்கத்துச் சொற்கள். அகற்றப்பட்டவனைக் குப்பை என்று சொல்லாமல் சொல்பவை.

எமது பிக்ஹு இதை ஏற்காது. சுத்தத்தைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகப் பேசும் சட்டம் அது. உடலில் ஒட்டிய நஜீஸ் வேறு, வுழூ முறிந்த நிலை வேறு. சவர்க்காரம் போட்டுக் குளித்தவர் வுழூ இல்லாமலிருக்கலாம். தண்ணீர் கிடைக்காதவர் மண்ணில் தயம்மும் செய்து தொழலாம். பன்றியும் நாயும் நஜீஸ் என்று பிரித்துக் காட்டும் அதே ஷாஃபிஈ நூல்கள், மனிதனை மட்டும் உயிரோடு இருந்தாலும் மையித்தானாலும் சுத்தமானவன் என்கின்றன. மத்ஹபின் பலமான கருத்து அதுதான். முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற பேதம் அதில் இல்லை. ஆதமின் மக்களை அல்லாஹ் கண்ணியப்படுத்தியிருப்பதே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மனிதனைச் சுத்திகரித்து அகற்றுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அப்படியானால் வேறென்ன சொல்வது? ‘இடம்பெயர்வு’ என்று கோவைகளில் எழுதினார்கள். 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் ‘புதிய’வர்கள் ஆக, வடக்கு முஸ்லிம்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ ஆனார்கள். இடம்பெயர்வு என்றால் தாமாகவே எழுந்து போனது போலிருக்கிறது, இதுதான் வெள்ளையடிப்பு. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் ‘அரசியல் தவறு’ என்றார். தவறு என்றால் கணக்கிலும் வரும்.

இனச்சுத்திகரிப்பு என்று சொன்னால்தான் பாரம் தெரியும் என்று நண்பர்கள் சொல்வார்கள். உலகம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற சொல் அது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது தனியான ஒரு சட்டக் குற்றப் பெயரல்ல. பொஸ்னியா வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றமும் இதைக் கவனித்தது. மாறாக, மக்களைப் பலவந்தமாக இடமாற்றுவது 1998 ரோம் சட்டத்தில் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. எமது உம்மாமார் “எங்கள வெரட்டினாங்க” என்று சொல்வது சட்டத்துக்கு எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள்.

ஆகவே நான் ‘பலவந்த வெளியேற்றம்’ என்றே எழுதுகிறேன். மற்றச் சொல் தவிர்க்க முடியாத இடத்தில் மேற்கோள் குறிக்குள் போடுகிறேன். பக்கம் அமைக்கும்போது சில வேளை அந்தக் குறி விழுந்துவிடுகிறது.