செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவது

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணக் கணக்கு கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செயலாளர், பொருளாளர், இன்னும் இரண்டு பேர் அதில் எழுதலாம். செவ்வாய் இரவு அவர்களில் ஒருவர், பெயர்களை அகரவரிசையில் பார்க்க ஆசைப்பட்டு, பெயர்கள் இருக்கும் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின. வீட்டு எண்ணும் பாக்கியும் இருந்த இடத்திலேயே நின்றன. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியவர் தலையில் யாரோ ஒருவரின் எட்டு மாதப் பாக்கி. விஷயம் வெளியே தெரிந்தது வெள்ளிக்கிழமை. அதற்குள் மூன்று நாள் வசூலும் அதே தாளில் ஏறியிருக்கிறது.

கண்ட்ரோல் இசட் அடித்தால் போதாதா என்று தோன்றும். போதாது. அது நாம் செய்ததை மட்டும், அதுவும் தாள் திறந்திருக்கும்வரை மட்டுமே பின்வாங்கும். மூடிவிட்டு மறுநாள் திறந்தால் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது.

நாம் போகவேண்டிய இடம் வேறு. கணினியில் தாளைத் திறந்து, ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’க்குப் போவோம். வலப்பக்கம் தேதியும் நேரமுமாக ஒரு பட்டியல் விரியும். எழுதியவர் பெயர்களும் ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும். தேதிக்குப் பக்கத்தில் சிறிய அம்புக்குறி தெரிந்தால் அதை அழுத்துவோம், அந்த நாளுக்குள்ளேயே இன்னும் நுணுக்கமான படிகள் வரும். செவ்வாய் மாலை என்பதைத் தொட்டால், தாள் அப்போது எப்படி இருந்ததோ அப்படியே கண்முன் நிற்கும். பார்ப்பதால் எதுவும் மாறாது. தைரியமாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம்.

எல்லோரும் தயங்கி நிற்பது அடுத்த படியில். மேலே ‘ரீஸ்டோர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் புதன், வியாழன், வெள்ளியில் எழுதியதெல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்று பயம். போகாது. பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் தப்பான பதிவைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள்; கீழே ஓர் எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வார்கள். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். ரீஸ்டோரும் இதே முறைதான். செவ்வாய் மாலைத் தாள், இன்றைய தேதியிட்ட ஒரு புதிய பதிப்பாகப் பட்டியலின் உச்சியில் ஏறும். அதற்குக் கீழே புதனும் வியாழனும் வெள்ளியும் அப்படியே இருக்கும். திரும்பியதே தப்பென்று பட்டால் வெள்ளிக்கிழமைக்கு மறுபடி வந்துவிடலாம்.

ஆனாலும் அந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. ரீஸ்டோர் ஒரு பத்தியை மட்டும் திருப்பாது. கோப்பு முழுவதையும், அதிலுள்ள எல்லாத் தாள்களையும், எல்லோருக்கும் சேர்த்துத் திருப்பும். மூன்று நாள் வசூல் வரலாற்றில் பத்திரமாக இருந்தாலும் கண்முன் இருக்கும் தாளில் இருக்காது. நம்முடைய சிக்கலோ ஒரே ஒரு பத்தியில். அதற்கு இவ்வளவு பெரிய கருவி எதற்கு? பட்டியலில் செவ்வாய் மாலைப் பதிப்பின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அதைத் தனிக் கோப்பாக நகலெடுக்கும் வசதி இருக்கிறது. அந்த நகலிலிருந்து பெயர்ப் பத்தியை மட்டும் எடுத்து இன்றைய தாளில் ஒட்டிவிடலாம். இடையில் யாராவது புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்வோம்; இல்லாவிட்டால் பழைய கூத்து ஒரு வரி தள்ளி மறுபடி நடக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. புதன்கிழமை வசூலைப் பெயர் பார்த்து ஏற்றியவர், தப்பான வீட்டுக்கு நேரே ஏற்றியிருப்பார். வரலாற்றில் புதன் பதிப்பைத் திறந்தால் அன்று மாறிய கட்டங்கள் நிறம் பூசித் தெரியும். அவற்றைப் பிடித்து ரசீதோடு ஒப்பிட வேண்டும். இதைக் கணினி நமக்காகச் செய்யாது. ஒரே ஒரு கட்டத்தில் சந்தேகம் என்றால் அதன்மேல் வலது சொடுக்கு செய்து ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’ பார்க்கலாம்: யார், எப்போது, முன்பு என்ன இருந்தது என்று சொல்லும். வரிகளைச் சேர்ப்பது, நீக்குவது போன்ற சில மாற்றங்கள் மட்டும் அதில் வராது.

மாதக் கணக்கு முடிந்த கையோடு அந்தப் பதிப்புக்கு ‘மார்ச் முடிவு’ என்பதுபோல் ஒரு பெயர் வைத்துவிட்டால் பின்னால் தேடுவது எளிது. ஒரு கோப்பில் 15 பதிப்புகளுக்குத்தான் பெயர் வைக்கலாம் என்பதால் கொஞ்சம் சிக்கனம் தேவை.

இந்த வரலாற்றைத் தாளில் எழுத அனுமதி உள்ளவர்கள் எல்லோரும் பார்க்கலாம். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்கு அது தெரியாது. அதனால் தொலைபேசி எண் பத்தியை நீக்கிவிட்டு வெளியாள் ஒருவருக்கு எழுத அனுமதி கொடுத்தால், அவர் பழைய பதிப்பைத் திறந்து எண்களைப் பார்த்துவிட முடியும். அவருக்கு ஒரு நகலைக் கொடுப்பதே சரி, நகலோடு பழைய வரலாறு போகாது. புது வருடத்துக்கென்று நகலெடுத்துக்கொண்டு பழைய கோப்பைக் குப்பைக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே கதைதான்: 30 நாளில் குப்பை காலியாகும், அந்தக் கோப்பின் பதிப்புகளும் சேர்ந்து போகும்.