சரக்கு வேனின் பின்புறம் தாழ்கிறதா? பட்டை சேர்க்கும் முன் அளந்து பாருங்கள்

மாட்டு வண்டிக் காலத்தில் ஆட்கள் போவதற்கு வில்வண்டி, மூட்டை ஏற்றுவதற்குப் பாரவண்டி என்று தனித்தனியே இருந்தன. இன்று விவசாயிகள் வைத்திருக்கும் சிறிய சரக்கு வேன் இரண்டும் சேர்ந்த ஒன்று. பின் அச்சின் இருபுறமும் வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பட்டு, அவற்றின்மீதுதான் பாரம் முழுவதும் நிற்கிறது.

உரம், விதை பற்றிய பயிற்சி முடிந்து கிளம்பும் நேரத்தில், அண்மைக் காலமாக ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "லோடு ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்து முன்பக்கம் தூக்குகிறது. இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடலாமா?" போட வேண்டாம் என்பதே என் பதில். காரணம் பட்டையில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது.

பல சரக்கு வேன்களில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியும், அதன் முனையில் ஒரு வால்வும் இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். வண்டி காலியாக இருக்கையில் சேஸ் உயர்ந்து நிற்கும். அப்போது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை வால்வு குறைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் பாரமில்லாத பின் சக்கரங்கள் பிரேக் போட்டதும் இறுகி நின்று வழுக்கும். பாரம் ஏற்றியதும் சேஸ் தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். அதாவது வால்வு எடையை அறிவதில்லை. உயரத்தை வைத்தே எடையை ஊகிக்கிறது.

இப்போது பட்டை இரண்டைச் சேர்த்தால் என்ன ஆகும்? முழுப் பாரம் ஏற்றிய பிறகும் சேஸ் தாழாது. பாதி லோடுதான் இருக்கிறது என்று வால்வு எண்ணிக்கொள்ளும். வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் பிரேக்கின் தலையில் விழும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றி வரும் ஒரு விவசாயி, மலை இறங்கி முடிப்பதற்குள் முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை வருகிறது என்று என்னிடம் குறைப்பட்டார். பிரேக் பேடை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. குனிந்து பார்த்தபோது பின்னால் இரண்டு புதுப் பட்டைகள் தெரிந்தன. வால்வின் கம்பி பழைய அளவிலேயே இருந்தது. கொண்டை ஊசி வளைவில் இது என்னவாக முடிந்திருக்கும் என்பதை அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஏ.பி.எஸ். வந்த புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வேலையை மின்னணு அமைப்பு செய்கிறது. அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அடுத்துச் சொல்லப்போவது எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. பட்டை போட்டால் அது கால் பங்கு விறைப்பதில்லை, ஏறக்குறைய இரு மடங்கு விறைக்கும். ஆகவே "கொஞ்சம் கனமான பட்டையாகப் போடுங்கள்" என்று பட்டறையில் சொல்வது சிறிய மாற்றமன்று. பாதி லோடில் வண்டி குதிக்கும்; தக்காளியின் அடிக்கூடை நசுங்கும். இதனால் வண்டி தாங்கும் எடையும் கூடிவிடாது. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையனவே. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையும் அதுவேதான். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

காலி வண்டி பின்னால் சற்று உயர்ந்தும், முன்னால் தாழ்ந்தும் நிற்பது குறையல்ல. பாரம் ஏறினால் சமமாக வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்காரர்கள் முன் ஸ்பிரிங்குக்கு மேல் வட்டு வைத்து முன்பக்கத்தை உயர்த்திச் சமமாக்கிக்கொள்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். பாரம் ஏற்றும் நம் வண்டிக்கு அதைச் செய்தால், லோடு ஏறியதும் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சக்கரத்தின் கோணமும் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

வீட்டில் செய்யக்கூடியது

முதலில் அளக்க வேண்டும். காலி வண்டியைச் சமமான களத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள பாடியின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். வண்டி வாங்கிய புதிதிலேயே இதை எழுதி வைத்திருந்தால் மிகவும் நல்லது. நம்மில் யாரும் அதைச் செய்வதில்லை. பின்புறம் இடதும் வலதும் 1 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் தாழ்ந்த பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, டார்ச் அடித்துப் பட்டைக் கட்டைப் பாருங்கள். சென்டர் போல்ட் அருகில் விரிசல் உள்ளதா, பட்டைகள் பக்கவாட்டில் விலகியுள்ளனவா, ஷேக்கிள் புஷ் நைந்துள்ளதா என்று கவனிக்கவும். யு போல்ட் தளர்ந்த வண்டியில் பட்டை பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையில்தான் முறியும். அந்த நட்டுகளை வேளாவேளைக்கு இறுக்கியிருந்தால் பாதிப் பட்டைகள் உடைந்திருக்கா.

எல்லாம் சரியாக இருந்தும் வண்டி தாழ்கிறது என்றால், எடையைக் கணக்குப் பாருங்கள். காலி எடை 1,700 கிலோ, மொத்த எடை 2,950 கிலோ என்று சான்றில் இருந்தால் நடுவில் இருப்பது 1,250 கிலோ. ஓட்டுநரும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்தால், 40 கிலோ நெல் மூட்டை 26க்கு மேல் ஏற்றக்கூடாது. ஏற்றுவதையும் கேபினை ஒட்டி அடுக்கிக்கொண்டு வர வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் குவியும் மூட்டை ஏற்றக்கோல்போல முன் சக்கரத்தைத் தூக்கும், ஸ்டியரிங் இலேசாகிவிடும்.

பட்டை உண்மையிலேயே தளர்ந்திருந்தால், அந்த வண்டிக்கு உரிய அளவிலேயே புதிய கட்டு வாங்கி இருபுறமும் ஒருசேர மாற்றவும். உலையில் காய்ச்சி வளைவு ஏற்றித் தருவோரும் உண்டு. முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும். வீட்டில் மாற்றுவதானால், முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, சேஸின் அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே கையை நீட்டலாம். செங்கல்லை நம்பவே கூடாது. பட்டைக் கட்டைப் பிரிக்க நேர்ந்தால், இரு கிளாம்பு போட்டுப் பிடிக்காமல் சென்டர் போல்ட்டைக் கழற்ற வேண்டாம்; பட்டை துள்ளி முகத்தில் அடிக்கும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டை வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை பட்டைமேல் வந்த பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வேலை முடிந்ததும் பிரேக் வால்வின் கம்பி அளவை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்து கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் யு போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். கழற்றிய பழைய பட்டையைக் காயலான் கடையில் போட வேண்டாம். ஊர்க் கொல்லர் அதில் நல்ல அரிவாள் அடித்துத் தருவார்.