பாதியில் நின்ற பின்னல்

உதகைக் குளிரில் வாழும் எங்கள் வீட்டில் கம்பளி நூற்கூடை ஒன்று உண்டு. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், ஜோடி சேராத காலுறை, விளிம்பு முடியாத குல்லாய் யாவும் அதில் உறங்கும். அடுப்பில் பால் பொங்கும், பரீட்சை வரும், கதைப்புத்தகம் கையை விட்டு இறங்காது. ஊசி கூடைக்குத் திரும்பிவிடும். "தொடங்கத்தான் தெரியும் உங்களுக்கு!" என்பார் அப்பா.

ஆயினும் பின்னலின் இயல்பைச் சற்று நோக்குவோம். நெய்த துணியில் பாவும் ஊடையுமாகப் பல நூல்கள். கைப்பின்னலிலோ ஒரே நூல்தான் கண்ணிக்குள் கண்ணியாகச் செல்கிறது. ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேலுள்ள கண்ணியே தாங்குகிறது. எனவே ஒன்று நழுவினால் கீழுள்ளவை வரிசையாக அவிழும். கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாக மேலேற்றிவிடலாம். முழுவதும் பிரித்தாலும் நூல் வீணாகாது. சிட்டமாகச் சுற்றி, நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். பிரிட்டனில் 1941-இல் போரினால் துணிப் பங்கீடு வந்தபோது, பெண்கள் பழைய ஸ்வெட்டர்களை இவ்வாறே பிரித்துப் புதியன பின்னினர்.

தம்பிக்காகப் பாட்டி தொடங்கிய ஸ்வெட்டர், அவர் கண் மங்கியதால் நின்றது. தம்பியோ வளர்ந்துவிட்டான். சென்ற விடுமுறையில் அதைப் பிரித்தோம். முதலில் பாட்டி முகம் வாடினார். பிறகு நடுங்கும் கைகளை நீட்டிச் சிட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தம்பி பந்தாகச் சுற்றினான். அம்மாவும் நாங்களும் மாறி மாறிப் பின்னினோம். அந்த நூல் இன்று பாட்டியின் கழுத்தில் மப்ளராக இருக்கிறது.

தோழியரே, பாதியில் நின்ற வேலையைக் கண்டு நாணாமல், இன்றே கூடையைத் திறப்போம்.