உங்களுக்குத் தெரியுமா? போர்முனையிலிருந்து காட்டுக்கு

முதல் உலகப் போரில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பலர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையின்றித் தவித்தார்கள். தங்களுக்குச் சேரவேண்டிய போனஸை உடனே தரும்படி கேட்டு 1932-இல் வாஷிங்டனில் கூடியவர்களை ராணுவத்தை வைத்தே விரட்டியது அரசு. எவ்வளவு பெரிய அநியாயம்!

அடுத்த ஆண்டு அதிபரான ரூஸ்வெல்ட் வேறு வழி கண்டார். வேலையற்ற இளைஞர்களுக்காகத் தொடங்கிய 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' அமைப்பில், 1933 மே மாதம் 25,000 முன்னாள் வீரர்களுக்கு இடம் ஒதுக்கினார். வயது வரம்பு இல்லை, மணமானவர்களும் சேரலாம். தனி முகாம், உணவு, உடை, மாதம் 30 டாலர் சம்பளம். 1942 வரை அந்த அமைப்பு காடுகளில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியது, தீ கண்காணிப்புக் கோபுரங்கள் எழுப்பியது, மலைச்சாலைகள் போட்டது. குழுவாக உழைப்பது, கட்டளைக்கு இணங்குவது, ஆபத்தில் பதறாமல் நிற்பது என வீரர்களுக்குக் கைவந்த எல்லாமே அங்கே உதவின.

அந்த வழியில் 1976-இல் பிறந்த கலிஃபோர்னியா கன்சர்வேஷன் கோர், இன்றும் காய்ந்த புதர்களை அகற்றிக் காட்டுத்தீயைத் தடுக்கிறது. அதில் சேர மற்றவர்களுக்கு வயது வரம்பு 25. முன்னாள் படைவீரர்களுக்கு 29.