எந்த மாவட்டத்தில் குற்றம் அதிகம்?

திட்டக்குடியில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தால் பெரம்பலூர் மாவட்டம். இக்கரை கடலூர் மாவட்டம். இவ்விரண்டில் குற்றம் எங்கே அதிகம்?

ஓராண்டில் கடலூரில் 52 கொலை வழக்குகளும் பெரம்பலூரில் 17 வழக்குகளும் பதிவானதாக வைத்துக்கொள்வோம். (கணக்குக்காக நான் கற்பித்த எண்களே இவை, ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்!) கடலூர்தான் மோசம் என்று தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி கடலூரின் மக்கள்தொகை 26.06 லட்சம், பெரம்பலூருக்கோ 5.65 லட்சம்தான். வகுத்துப் பாருங்கள். லட்சம் பேருக்குக் கடலூரில் 2, பெரம்பலூரில் 3! தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் குற்ற வீதத்தை இப்படித்தான் கணக்கிடுகிறது.

சரி, அடுத்த ஆண்டு பெரம்பலூரில் 17 என்பது 21 ஆனால்? ‘குற்றம் பெருகிவிட்டது’ என்று செய்தி வரும். கதிரியக்கத் துகள்களைக் கைகர் கருவியால் எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு என்கிறோம். 17இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4. ஆகவே இந்த உயர்வு வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவான குற்றமே கணக்கில் சேரும். அடிபட்ட பெண் வாய்மூடி இருக்கும் ஊரில் வீதம் குறைவு. அவள் துணிந்து புகார் கொடுத்து, காவல் நிலையமும் அதைப் பதிந்தால் வீதம் உயரும். படிப்பில் முன்னணியில் உள்ள கேரளம், குற்ற வீதப் பட்டியலில் பல ஆண்டுகள் மேலே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். நான் கொலையை எடுத்துக்கொண்டது ஏன் தெரியுமா? மற்றக் குற்றங்களைப் போல அதை எளிதில் மறைக்க முடியாது.